டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா கால் போகல! - சிக்னல் பூஸ்டர் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(சிவகாசி வட்டாரக் கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவினர், இ-சேவை மையப் பொறுப்பாளர்கள், சிறு வணிகர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக்குப் போய்ட்டு வந்து, வீட்டில் அடுப்புகூடப் பற்ற வைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உள்ளே வரும்போது கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஆன்லைன்ல டவர் பூஸ்டர் வாங்கி மாட்டியிருக்கேன். பச்சை லைட்டும் எரியுது. ஆனா அது ஒழுங்கா வேலை செய்யுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதே கேள்வியை ஒரு காலத்தில் எங்க அப்பாவும் கேட்டார். அதற்குப் பதில் தெரியாமல் போனதால் எங்க தெருவில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க வீட்டுப் பச்சை லைட்

2020-இல் ஊரடங்கு போட்டார்கள். நான் அப்போது இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பெல்லாம் ஆன்லைன். எங்க வீடு சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் வகுப்பைக் கவனிப்பேன். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும். இதைப் பார்த்து மனசு பொறுக்காமல் அப்பா கடன் வாங்கி ஒரு பூஸ்டர் வரவழைத்தார். மாடியில் ஓர் ஆன்டெனா, அங்கிருந்து ஒரு வயர், கூடத்தில் ஒரு பெட்டி. மாட்டின உடனே என் போனில் டவர் ஃபுல். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் வகுப்பு மட்டும் முன்னைப் போலவே விட்டு விட்டுத்தான் வந்தது. "டவர்தான் ஃபுல்லா இருக்கே, உன் போன்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டார் அப்பா.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் தெற்குப் பக்கமிருந்து பெரிய சத்தம் கேட்டது. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத்தான் எடுப்போம். பக்கத்து வீட்டு அத்தை, பட்டாசு ஆலைக்குப் போயிருந்த மாமாவுக்குப் போட்டுப் பார்த்தார். போகவில்லை. ஆலை ஆபீஸ் எண்ணுக்குப் போட்டார். அதுவும் போகவில்லை. செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் ஓடினார். அங்கே போனதும் லைன் கிடைத்தது. மாமாவுக்கு ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டது வேறு இடம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் அத்தை பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து எங்க தெருவில் கரண்ட் போனது. அத்தை வாசலில் நின்று சொன்னார்: "கரண்ட் போனா மட்டும் எனக்கு டவர் நல்லா வருது, என்ன மாயமோ!" எனக்குச் சுருக்கென்றது. கரண்ட் வந்ததும் எங்க பூஸ்டரை அணைத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல சிக்னல். ஆன் செய்தேன். போய்விட்டது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான். அத்தை வீட்டு லைனைக் கெடுத்தது எங்க வீட்டுப் பச்சை லைட்தான்.

அன்றைக்கே கழற்றிவிட்டோம். அத்தையிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அப்பா தலை நிமிரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

பூஸ்டர் என்பது ஒரு மைக் செட் மாதிரிதான். வெளி ஆன்டெனா டவரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை வாங்குகிறது. பெட்டி அதைப் பெரிதாக்குகிறது. உள் ஆன்டெனா அதை வீட்டுக்குள் விடுகிறது. உங்கள் போன் பேசுவதை அதே வழியில் திரும்பப் பெரிதாக்கி டவருக்கு அனுப்புகிறது.

கோயில் கொடை, கல்யாண வீட்டில் மைக் செட்டைக் கவனித்திருப்பீர்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் 'கூ'வென்று காதைப் பிளக்கும். ஸ்பீக்கர் சத்தமே மைக்குக்குள் போய், மறுபடி பெரிதாகி, சுற்றிச் சுற்றி வருவதால் அந்த ஊளை. பூஸ்டரிலும் இதே கதைதான். உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கருவி தன் சிக்னலையே தானே வாங்கி ஊளையிடும். வித்தியாசம் என்னவென்றால், இந்த ஊளை நம் காதுக்குக் கேட்காது, டவருக்குத்தான் கேட்கும். அந்த இரைச்சலில் பக்கத்து வீட்டுப் போன்கள் பேசுவது டவரின் காதில் விழாது. தெருவுக்கே லைன் கட்டாகும்.

இன்னொன்று. போனில் தெரியும் பாயிண்ட், அதாவது அந்தக் கோடுகள், சிக்னலின் அளவைத்தான் பெரும்பாலும் காட்டும், சுத்தத்தைக் காட்டாது. கலங்கின தண்ணீரும் குடத்தை நிரப்பத்தான் செய்யும். பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்குகிறது. அதனால்தான் 'டவர் ஃபுல், நெட் நில்' என்ற நிலைமை.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சிவகாசி - சாத்தூர் சாலையோரக் கடைகளில் கூட்டம் நெரியும். அப்போதும் பாயிண்ட் முழுசாக இருக்கும், பணம் மட்டும் போகாது. அது சிக்னல் குறைவால் இல்லை. ஒரே டவரில் அளவுக்கு மேல் ஆட்கள். பஸ் நிறைந்துவிட்டால் வாசலை அகலப்படுத்தி என்ன பயன்? எந்தப் பூஸ்டரும் அதைச் சரி செய்யாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது அண்ணாச்சிக்கு முக்கியமான பதில். பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை மாட்டியது யார் என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் செல்போன் அலைவரிசை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. அனுமதியில்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்திலிருந்தே வருகிறது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்கு ஓர் அறிவுரையே வெளியிட்டது. உரிமம் பெற்ற செல்போன் சேவை நிறுவனங்களைத் தவிர வேறு தனிநபரோ அமைப்போ சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்பது அதன் சாரம். சிக்னலைத் தடுக்கும் ஜாமர் கருவிகளுக்கும் அதே அறிவுரையில் எச்சரிக்கை உண்டு.

"யூடியூப்ல வெள்ளைக்காரன் மாட்டிக் காட்டுறானே?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் குறிப்பிட்ட தரமுள்ள பூஸ்டரைச் சேவை நிறுவனத்திடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். ஊளை வந்தால் தானாக அணைந்துவிடும் வசதி அதில் இருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி. பிரிட்டனில் 2018 முதல் குறிப்பிட்ட வகைக் கருவிகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விதி அந்த ஊருக்கு. ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் இங்கே சட்டப்படி சரியாகிவிடாது.

ஆகவே அண்ணாச்சி, நீங்களாக வாங்கி மாட்டியது என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். இன்னொருத்தருக்கு விற்கவும் வேண்டாம், விற்பதும் குற்றம்தான்.

நிறுவனமே மாட்டியிருந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

மருத்துவமனை, பெரிய அச்சகம், நூற்பாலை, அடுக்குமாடி போன்ற இடங்களில் சேவை நிறுவனங்களே முறையாகக் கருவி வைத்துத் தருவது உண்டு. அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இன்ஜினியர் தேவையில்லை. கையில் போன் இருந்தால் போதும்.

ஒன்று: பாயிண்டைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் உள்ளே 'அபவுட் போன்' பகுதியில், சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் குறியோடு டிபிஎம் என்று போட்டிருக்கும். ஐபோனில் *3001#12345#* போட்டு அழைத்தால் அந்தப் பக்கம் திறக்கும். மைனஸ் என்பதால் சிறிய எண்தான் நல்லது. 4ஜி-யில் மைனஸ் 80, 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 100-ஐத் தாண்டினால் சுமார். மைனஸ் 115-க்கு மேல் போனால் பேசுவது கஷ்டம். இதில் 10 எண் கூடினால் சிக்னல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. எனவே இரண்டு, மூன்று எண் ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இரண்டு: ஒரே போன், ஒரே சிம், ஒரே இடம். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறியுங்கள். மூன்று தடவை குறியுங்கள். கட்டடத்துக்கு வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை. வெளியில் நல்ல எண் இருந்து, கருவி இருக்கும் அறைக்குள் மட்டும் படுமோசமாக இருந்தால் கருவியில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

மூன்று: எதிர்முனையைக் கேளுங்கள். உங்களுக்கு அவர் பேசுவது தெளிவாகக் கேட்டு, அவருக்கு நீங்கள் பேசுவது விட்டு விட்டுக் கேட்டால், டவருக்குப் போகும் வழியில் கோளாறு. டிராயின் 'மைஸ்பீட்' செயலியில் டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு வேகத்தையும் பாருங்கள். அப்லோடு மட்டும் படுத்துவிட்டால் அதுவும் இதே அறிகுறி.

நான்கு: வேறு நிறுவன சிம்மை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு அலைவரிசையில் இயங்குகிறது. ஒன்றுக்காக வைத்த கருவி மற்றொன்றுக்கு உதவ வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஐந்து: பக்கத்து வீட்டில் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் சோதனை. கருவி வைத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் லைன் கட்டாகிறது என்றால், எத்தனை பச்சை லைட் எரிந்தாலும் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். திறந்து பார்ப்பது, ஆன்டெனாவைத் திருப்புவது எல்லாம் அவர்கள் வேலை.

பூஸ்டர் இல்லாமல் என்ன செய்யலாம்?

"கழற்று கழற்றுன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க, எங்களுக்கு டவருக்கு என்ன வழி?" என்று அங்கே ஓர் அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. ரேஷன் கடை எந்திரத்திலிருந்து இ-சேவை மையத்து ஓ.டி.பி. வரைக்கும் இன்றைக்கு எல்லாமே சிக்னலை நம்பித்தான் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று தெரிவதும் எஸ்.எம்.எஸ். வந்தால்தான்.

முதல் வழி, வைஃபை காலிங். வீட்டிலோ கடையிலோ பிராட்பேண்ட் இருந்தால், போன் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யுங்கள். உங்கள் நிறுவனமும் போனும் அந்த வசதியைத் தந்தால், டவரே இல்லாத அறையிலும் அதே எண்ணில் பேசலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையம் கொண்டுசேர்க்கும் பணியைத் தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனம் செய்து வருகிறது. உங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டதா என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டாவது, இடத்தை மாற்றிப் பாருங்கள். தகரக் கூரை சிக்னலை வெகுவாகத் தடுக்கும். தகரக் கொட்டகைக்குள் கிடைக்காத டவர் ஜன்னலோரத்தில் கிடைக்கலாம். இதற்குச் செலவே கிடையாது.

மூன்றாவது, உங்கள் தெருவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் எந்தப் பகுதியில் எந்தச் சேவை கிடைக்கும் என்று வரைபடம் போட்டிருக்கின்றன. 2024-இல் டிராய் கொண்டுவந்த விதி அது. அதைவிட நம்பகமானது பக்கத்து வீட்டுக்காரர் சிம். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி அதற்கான நடைமுறையைத் தொடங்கலாம்.

நான்காவது, புகார். 198-க்கு அழைத்துப் புகார் சொல்லி, புகார் எண்ணை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், நீங்கள் பார்த்த டிபிஎம் எண் - நாலையும் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்கும் மேல் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கிறது. கட்டணமில்லா எண் 1063.

ஊருக்கே டவர் இல்லை என்றால் தனித்தனியாகப் புகார் செய்வதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லது. தொலைத்தொடர்பு மத்திய அரசின் பொறுப்பு. ஆனாலும் கோரிக்கையைக் கொண்டுசேர்க்க இங்கேயே வழி உண்டு. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இதேதான் சொல்வேன்.

பட்டாசு ஆலைகளுக்கு ஒரு வார்த்தை

இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒருத்தராவது ஆலைக்குப் போகிறவர்கள். பாதுகாப்பு இடைவெளிக்காக ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளி இருக்கின்றன. டவரும் அங்கே எட்டுவதில்லை. மருந்து இருக்கும் அறைக்குள் செல்போன் போகவே கூடாது, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் வாட்ச்மேன் அறையிலோ ஆபீஸிலோ ஒரு போன் எப்போதும் வேலை செய்ய வேண்டும். அதற்காக மாடியில் கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, கள்ளப் பூஸ்டர் மாட்டாதீர்கள். இடி மின்னல் காலத்தில் உயரத்தில் நிற்கும் உலோகக் கம்பியும், அதிலிருந்து உள்ளே இறங்கும் வயரும் என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்று உங்களுக்கே தெரியும். தரைவழித் தொலைபேசியோ, பிராட்பேண்டில் வைஃபை காலிங்கோ வையுங்கள். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு கால் போட்டுப் பார்த்து, போகிறதா என்று நோட்டில் எழுதுங்கள்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 35-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. உதவ ஓடினவர்களும் பார்க்கப் போனவர்களும். சத்தம் கேட்டால் அந்தத் திசைக்கு ஓடாதீர்கள். போன் எடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாமல், வேறு நிறுவன டவர் இருந்தால்கூட 112 அதன் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. முயற்சி செய்து பாருங்கள். ஊர் பெயர், ஆலைக்குப் போகும் விலக்கு, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளி - இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர் பெயரே வாயில் வராது.

அந்த நேரத்தில் ஒரு கால் போக வேண்டும் என்றால், அந்த லைனை யாருடைய பூஸ்டரும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நான் இவ்வளவு நேரம் பேசியது அதற்காகத்தான். எங்க அப்பா கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை, பிள்ளை படிக்க வேண்டும் என்று வாங்கினார். ஆனால் விலை கொடுத்தது பக்கத்து வீட்டு அத்தை.

வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். போனில் அந்த மைனஸ் எண்ணைப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டில், "உங்களுக்கு டவர் ஒழுங்கா வருதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அண்ணாச்சி, நாளைக்குக் காலையில் உங்கள் கடைக்கு வருகிறேன். கழற்றுவதற்கு ஏணி பிடிக்க ஆள் வேண்டுமே!